தீப்பெட்டிப் படம் முதல் டிரம்ப் கார்டு வரை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

"ஆன்லைனில் கார்டு விளையாடுகிறார்கள்" என்று சொன்னால் நம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் யாருக்கும் நல்ல எண்ணம் வராது. ரம்மிதான் நினைவுக்கு வரும். பணத்தை இழந்து உயிரை விட்டவர்கள் செய்தி எத்தனை படித்துவிட்டோம்! அதைத் தடுக்க நம் சட்டமன்றம் 2022 அக்டோபரில் மசோதா நிறைவேற்றியது. அது திரும்பி வந்து, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது.

நான் எழுத வந்தது அந்தக் கார்டு பற்றி அல்ல. 90களில் நம் பள்ளிப் பிள்ளைகள் சட்டைப் பையில் வைத்திருந்த மல்யுத்த டிரம்ப் கார்டு பற்றி. அன்று என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு இன்று நாற்பது வயது ஆகப் போகிறது. 2020 ஊரடங்கில் தொடங்கி, பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் வீடியோ காலில் டிரம்ப் கார்டு போட்டி நடத்துகிறார்கள். ஒருவன் ஷார்ஜாவில், ஒருவன் திருப்பூரில், ஒருவன் பெங்களூரில், இருவர் ஊரிலேயே. ஓய்வு பெற்ற எனக்கு நடுவர் வேலை கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது!

இந்த விளையாட்டின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் சீட்டு பழையது. பாபர் தன் நினைவுக் குறிப்பில், 1527ஆம் ஆண்டு சிந்துப் பகுதியில் இருந்த ஷா உசேனுக்குக் கஞ்சிஃபா சீட்டு அனுப்பியதாக எழுதியிருக்கிறார். கஞ்சிஃபா என்பது பெரும்பாலும் வட்டமாக, கையால் ஓவியம் தீட்டிய சீட்டு. மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதிய சீட்டாட்டங்களையே வகுத்து வைத்தார். அதெல்லாம் அரண்மனை விளையாட்டு. ஏழைப் பிள்ளையின் கைக்குப் படம் வந்தது வேறு வழியில். வியாபாரிகள் பொருளோடு சேர்த்துக் கொடுத்த படமாக அது வந்தது.

1880களில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்தன. அட்டை சும்மா இருப்பானேன் என்று அதில் படம் அச்சடித்தன. விளையாட்டு வீரர், நடிகை, பறவை, கொடி என்று வரிசையாகப் படங்கள். வரிசை முழுதாகச் சேர வேண்டும் என்றால் இன்னும் பாக்கெட் வாங்க வேண்டும். சேகரிக்கும் கார்டின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. "இன்னும் ஒன்று குறைகிறது" என்ற ஏக்கம்தான் வியாபாரம்.

நமக்கு அந்த வேலையைச் செய்தது தீப்பெட்டி. ஆரம்பத்தில் தீப்பெட்டி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. இந்தியாவில் விற்க வேண்டும் என்பதற்காக வெளிநாட்டிலேயே நம் சாமி படங்களை லேபிளில் அச்சடித்து அனுப்பினார்கள். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து, சொந்த ஊரில் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அச்சுத் தொழிலும் அங்கே வளர்ந்தது. தாமரை, மயில், சாவி, புலி என்று ஆயிரக்கணக்கான லேபிள்கள். நம் வீட்டு அடுப்படியிலிருந்து அவை பிள்ளைகளின் கைக்கு வந்தன.

நான் சிறுவனாக இருந்தபோது தீப்பெட்டிப் படமும் சிகரெட் அட்டையும்தான் எங்கள் நாணயம். வட்டம் போட்டு நடுவில் படங்களை அடுக்குவோம். கோட்டுக்குப் பின்னால் நின்று தட்டையான கல்லை வீச வேண்டும். வட்டத்துக்கு வெளியே சிதறியது எல்லாம் வீசியவனுக்கு. சார்மினார் சுலபமாகக் கிடைக்கும், மதிப்புக் குறைவு. பாசிங் ஷோ கொஞ்சம் அரிது, மதிப்பு அதிகம். எதற்கு எத்தனை என்று எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை. தெருப் பிள்ளைகள் கூடி நிர்ணயித்தோம். தெருவுக்குத் தெரு கணக்கு மாறும்.

இதில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அரியலூரில் ரயில் நிற்கும். பயணிகள் வீசிய வெளியூர் அட்டைகள் ஸ்டேஷன் ஓரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது, பஸ் ஸ்டாண்டு அட்டைதான். அதனால் அரியலூர்ப் பையன் எங்கள் ஊருக்கு வந்தால் அவன் டவுசர் பையைத்தான் முதலில் பார்ப்போம். பொருளாதாரம் என்ற பாடத்தைப் பின்னாளில் ஆசிரியர் பயிற்சியில் படித்தபோது, இதெல்லாம் வட்டத்துக்குள் கல் வீசியபோதே தெரிந்ததுதானே என்று தோன்றியது.

80களின் கடைசியில் பபுள்கம்மோடு கிரிக்கெட் கார்டு வந்தது. பிக் ஃபன் பபுள்கம் நினைவிருக்கிறதா? கார்டில் ரன்னும் விக்கெட்டும் போட்டிருக்கும். கூட்டிச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு. 1999 உலகக் கோப்பைக்கு பிரிட்டானியா பிஸ்கட் உறையில் ரன் அச்சிட்டது. 100 ரன் சேர்த்தால் ஒரு சிறு புத்தகம். கூட்டல் வராத பிள்ளைகூட ரன்னைக் கூட்டும்போது தப்பு விடமாட்டான்.

டிரம்ப் கார்டு வேறு ரகம். சேர்ப்பதற்கும் ஆகும், ஆடுவதற்கும் ஆகும். ஜெர்மனியில் குவார்டெட் என்ற பெயரில் முன்பே இருந்த விளையாட்டு, 1977ல் இங்கிலாந்தில் டாப் டிரம்ப்ஸ் என்று புகழ் பெற்றது. 90களில் கேபிள் டிவி வந்து, டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தம் ஊரெல்லாம் பரவியதும் நம் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு கார்டிலும் ஒரு மல்யுத்த வீரர் படம். கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், மோதிய சண்டை, வென்ற சண்டை. மேலே இருக்கும் கார்டைப் பார்த்து "எடை" என்று சொல்ல வேண்டும். எதிராளி கார்டில் எடை குறைவாக இருந்தால் அவன் கார்டு நமக்கு. யோகோசுனா கையில் இருந்தால் எடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2002ல் அந்தக் கம்பெனி பெயரே டபிள்யூ.டபிள்யூ.இ. என்று மாறிவிட்டது. நம் பிள்ளைகள் வாயில் இன்னும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டுதான்.

சரி, பழைய கார்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆன்லைனில் போட்டி நடத்தும் யோசனை எங்கிருந்து வந்தது? பெங்களூரில் இருக்கும் மாணவன்தான் வழி சொன்னான். அவன் மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டு ஆடுகிறவன்.

அந்த விளையாட்டை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித அறிஞர். 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. முதல் பதிப்பில் சுமார் 26 லட்சம் கார்டுகள், சீக்கிரமே தீர்ந்துவிட்டன. உறையைப் பிரித்தால் எந்தக் கார்டு வரும் என்று தெரியாது. கிடைத்ததை வைத்து அவரவர் கட்டைச் சேர்த்து ஆட வேண்டும். அந்த முதல் விதிப் புத்தகத்தில், ஆட்டம் தொடங்கும்போது ஆளுக்கு ஒரு கார்டைப் பந்தயமாக வைக்க வேண்டும், வென்றவருக்கு இரண்டும் சொந்தம் என்று இருந்தது. பலமான கார்டு ஒருவரிடமே தங்காமல் சுற்றி வரும் என்பது எண்ணம். நம் வட்டத்து ஆட்டம் மாதிரியே இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆசைப்பட்டுச் சேர்த்த கார்டை இழக்க யாருக்கு மனம் வரும்? பந்தய விதி வழக்கொழிந்தது. விளையாட்டு நின்றது.

கம்பெனி ஆண்டுக்கு ஆண்டு புதிய கார்டு வெளியிட்டுக்கொண்டே போனது. பழைய கார்டு வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். அப்போதுதான், 2000களின் பிற்பகுதியில், சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்து நண்பர்கள் சிலர் ஒரு முடிவு எடுத்தார்கள். 1993, 1994ல் அச்சான கார்டுகளை மட்டும் வைத்து ஆடுவோம் என்பது அந்த முடிவு. மேக்னஸ் டி லவால் என்பவர் அதில் முக்கியமானவர். அவர்கள் போட்டியில் முதல் பரிசு என்ன தெரியுமா? ஜயண்ட் ஷார்க் என்ற, பெரிய விலை இல்லாத ஒரு கார்டு. அதில் கலந்துகொண்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். தோற்றவர்கள் கையெழுத்துதான் வென்றவனுக்குச் சொத்து. தீப்பெட்டிப் படத்தை நமக்கு அனுப்பிய அதே சுவீடன்!

பிறகு பல நாடுகளில் குழுக்கள் உருவாயின. எட்ட இருப்பவர்கள் மேஜைக்கு மேலே கேமரா வைத்து ஆடினார்கள். 2020ல் உலகமே வீட்டில் அடைந்தபோது இது பெருகியது. கேமராவில் தெரியும் கார்டின் பெயரைக் கண்டு சொல்லும் ஸ்பெல்டேபிள் என்ற தளம்கூட வந்தது.

ஆனால் ஒரு சிக்கல். பழைய கார்டின் விலை. முதல் பதிப்பு பிளாக் லோட்டஸ் கார்டு ஒன்று 2021 ஜனவரியில் 5,11,100 டாலருக்கு ஏலம் போனது. 2022ல் கம்பெனி 30ஆம் ஆண்டு நினைவாகப் பழைய கார்டுகளை மறுபதிப்பு செய்தது. நான்கு உறை, மொத்தம் 60 கார்டு, விலை 999 டாலர்! அதிகாரப்பூர்வப் போட்டியில் அதை வைத்து ஆடவும் முடியாது. நினைவுகளுக்கே விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள். இதற்கு ஆட்டக்காரர்கள் சிலர் கண்ட வழிதான் எனக்குப் பிடித்தது. அசல் இல்லாதவர் நகல் அட்டை வைத்தும் ஆடலாம் என்று பல குழுக்கள் விதியைத் தளர்த்தின.

இதே கேள்வி எங்கள் சிறிய போட்டிக்கும் வந்தது. 2021 மே மாதம். ஒரு மாணவன் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். பழைய அசல் கார்டு முழுக் கட்டும் ஆன்லைனில் விலைக்கு வாங்கி வைத்திருந்தான். இன்னொருவன் சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டுகிறான். அவன் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி. படித்த காலத்தில் ஒரு கார்டுகூட விலைக்கு வாங்கியதில்லை. நண்பர்களிடம் ஓர் இரவு மட்டும் இரவல் வாங்கி, லாங் சைஸ் நோட்டு அட்டையை வெட்டி, படம் வரைந்து, எண்களைப் பார்த்து எழுதிச் செய்த கார்டுகள்தான் அவனிடம் இருந்தன. அதில் இருபதுக்கு மேல் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான்.

"கையால எழுதினது எப்படி சார் செல்லும்? எடையை அவன் இஷ்டத்துக்குக் கூட்டிப் போட்டிருந்தா?" என்று முதலாமவன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். ஒவ்வொரு கார்டாக இருவரும் கேமராவில் காட்டினார்கள். ஓர் எண்கூடப் பிசகவில்லை. அது மட்டுமா, விலைக்கு வாங்கிய கட்டில் ஈரம் பட்டு எண் அழிந்த கார்டுகள் மூன்று இருந்தன. அந்த எண்கள் நோட்டு அட்டையில் தெளிவாக இருந்தன. கேள்வி கேட்டவனே "அப்ப நீ சொல்றா, நான் எழுதிக்கிறேன்" என்று பேனா எடுத்தான். அன்று முதல் எங்கள் முதல் விதி: எண் சரியாக இருந்தால் கார்டு சரி.

நடத்த விரும்புகிறவர்களுக்காக எங்கள் விதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

1. அச்சடித்ததோ கையால் செய்ததோ, எண் சரியாக இருந்தால் செல்லும்.

2. ஆளுக்கு 15 கார்டு. ஆட்டத்துக்கு முன் கேமரா பார்க்கக் கலைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். செல்போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்தால் கையும் கார்டும் தெரியும்.

3. வென்ற கார்டைக் கணினி வழியாக வாங்க முடியாது. அதனால் ஒரு கார்டுக்கு ஒரு புள்ளி. 15 சுற்று முடிந்ததும் கூட்டல்.

4. சொல்லும் உரிமை, முந்தைய சுற்றில் வென்றவருக்கு. சமமானால் இருவருக்கும் புள்ளி இல்லை, சொன்னவரே மறுபடி சொல்வார்.

5. பணம் கிடையாது. நுழைவுக் கட்டணமும் கிடையாது. வென்றவருக்கு ஒரு கார்டு, பின்புறம் எல்லோர் கையெழுத்தும். தபாலில் அனுப்புகிறோம்.

ஐந்தாவது விதியை சுவீடன்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். மற்றவை நம் தெருவிலேயே இருந்தவை.

இத்தனை வருட வரலாற்றில் நான் கண்டது இதுதான். படத்தை அச்சடித்தது சிகரெட், தீப்பெட்டி, பபுள்கம் கம்பெனிகள். அவர்கள் நோக்கம் விற்பனை. அந்தக் காகிதத்தை விளையாட்டாக மாற்றியது கூடி உட்கார்ந்து விதி பேசிய பிள்ளைகள். பந்தயம் உள்ளே வந்தால் தோற்றவன் விலகிப் போவான். விலை உள்ளே வந்தால் இல்லாதவன் வாசலிலேயே நிற்பான். இரண்டையும் வெளியே நிறுத்தினால் ஷார்ஜாவில் இருப்பவனும் லாரி ஓட்டுகிறவனும் ஒரே மேஜையில் உட்காரலாம்.

நம் மாவட்டங்களில் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய சாத்தனூர்க் கல்மரத்துக்கு வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். 30 வருடத்துக்கு முந்தைய ஒரு பிள்ளையின் நோட்டு அட்டைக் கார்டைப் பாதுகாக்க யாரும் இல்லை. வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் தீப்பெட்டிப் படமோ, சிகரெட் அட்டையோ, டிரம்ப் கார்டோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் தெருவில் எதற்கு எத்தனை மதிப்பு என்று நினைவிருந்தால் எழுதி வையுங்கள். கையால் செய்த கார்டு இருந்தால் முதலில் அதை எடுத்து வையுங்கள். அச்சடித்தது வேறு யாரிடமாவது இருக்கும்.

அடுத்த போட்டி பொங்கல் விடுமுறையில். கார்டு இல்லையென்றாலும் வரலாம். எண்கள் பட்டியல் தருகிறோம், நோட்டு அட்டையும் கத்தரிக்கோலும் நீங்கள் கொண்டு வாருங்கள்.