அறை இசையும் கதவுக்கு வெளியே நின்றவர்களும்

மேற்கத்திய செவ்வியல் இசையில் ‘சேம்பர் மியூசிக்’ என்று ஒரு வகை உண்டு. தமிழில் அறை இசை என்று சொல்லலாம். பெரிய மேடை கிடையாது, கோலைப் பிடித்து நடத்துகிறவர் கிடையாது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நாலு பேர் வளைந்து உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வாசிப்பார்கள். இதற்கு ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்று பெயர். நாலு சமமானவர்கள் பேசிக்கொள்வது போன்ற இசை என்று இதைக் காலங்காலமாகப் புகழ்கிறார்கள். சமம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் காது விடைத்துக்கொள்ளும். அது யாருடைய அறை? அந்த நாலு நாற்காலியில் உட்கார யாரை விட்டார்கள்? யாரை வெளியே நிறுத்தினார்கள்? இந்தக் கேள்விகளோடுதான் நான் இந்த வரலாற்றைப் படித்தேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கறுப்பர்கள் இந்த இசைக்குள் நுழைந்த கதையையும், நுழைந்தபின் அவர்கள் பெயர் என்னவாயிற்று என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பார்ப்போம். வயலினில் விரல் வைத்து அழுத்துகிற பலகை கருங்காலி மரம். ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து வெட்டிக் கொண்டுபோனது. வில் செய்கிற உயர்ந்த மரம் பிரேசிலின் பெர்னாம்புகோ. அடிமைகள் உழைத்த மண்ணிலிருந்து கப்பலேறியது. பல நூறு ஆண்டுகளாக இதன் தந்தி ஆட்டுக்குடலைச் சுத்தம் செய்து முறுக்கிய நரம்பு. இந்தக் கருவி நம்மூர்க் கச்சேரிக்குள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபோது குடல் நரம்பைப் பார்த்து அக்கிரகாரம் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. செத்த மாட்டின் தோலில் கட்டிய பறை மட்டும் தீட்டு. தீட்டு பொருளில் இல்லை, தொடுகிற ஆளில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மரம் உள்ளே போகலாம், குடல் உள்ளே போகலாம், அதை வெட்டினவனும் உரிச்சவனும் மட்டும் போகக்கூடாது.

ஆனாலும் போனார்கள். ஜோசப் போலோன் 1745இல் கரீபியக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த குவாதலூப் தீவில் பிறந்தவர். அப்பன் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. அம்மா நானோன், ஆப்பிரிக்க வம்சத்து அடிமைப் பெண். 1685இல் பிரெஞ்சு அரசு போட்ட ‘கோட் நுவார்’ என்ற சட்டப்படி அடிமைத் தாயின் பிள்ளையும் அடிமை. அப்பன் பிள்ளையைப் பிரான்சுக்குக் கொண்டுபோய் வாள்வீச்சு, குதிரையேற்றம், இசை என்று பிரபு வீட்டுப் பிள்ளைபோலப் படிக்க வைத்தான். பையன் பாரிசின் தலைசிறந்த வாள்வீரனாகவும் வயலின்காரனாகவும் ஆனான். செவாலியே தெ சேன்-ஜார்ஜ் என்பது அவர் அறியப்பட்ட பெயர். 1995இல் சிவாஜி கணேசனுக்கு பிரெஞ்சு அரசு கொடுத்த விருதில் இருக்கிற அதே ‘செவாலியே’தான் இந்தச் சொல்லும். 1773இல் பாரிசின் பெயர்பெற்ற இசைக்குழு ஒன்றின் தலைவரானார். அதே ஆண்டு அவருடைய ஆறு குவார்ட்டெட்டுகள் அச்சில் வந்தன. பிரான்சில் இந்த வடிவத்தில் முதன்முதலாக எழுதிய ஒரு சிலரில் அவர் ஒருவர்.

1776இல் பாரிஸ் ஓபராவுக்குத் தலைமை ஏற்க அவர் பெயர் அடிபட்டது. உடனே அங்கிருந்த முன்னணிப் பாடகிகளும் நடனக்காரிகளும் ராணிக்கு மனுப் போட்டார்கள். ஒரு முலாட்டோவின், அதாவது கலப்பு ரத்தக்காரனின், ஆணைக்குக் கீழ்ப்படிய எங்கள் மானமும் மனச்சாட்சியும் இடம் தராது என்பது மனுவின் சாரம். பதவி போயிற்று. சேரியிலிருந்து வந்த வாத்தியாரிடம் எங்க பிள்ளை படிக்காது என்று நம் ஊர்களில் சொன்னார்களே, அதே குரல். அவருக்குத் திறமை இல்லை என்று அந்த மனுவில் ஒருவரும் சொல்லவில்லை. பேச்சே திறமையைப் பற்றியது இல்லை.

பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது சேன்-ஜார்ஜ் 1792இல் கறுப்பர் படையணிக்குத் தலைமை தாங்கினார். 1799இல் செத்துப்போனார். 1802இல் நெப்போலியன் குடியேற்றங்களில் அடிமைமுறையை மறுபடி கொண்டுவந்தான். அதன்பின் நெடுங்காலம் அவர் இசையைத் தொட ஆளில்லை. இன்று தோண்டி எடுத்து வாசிக்கிறவர்கள் ‘கறுப்பு மொசார்ட்’ என்கிறார்கள். மொசார்ட் அவரைவிடப் பத்து வயது இளையவர். மொசார்ட்டை யாராவது ‘வெள்ளை சேன்-ஜார்ஜ்’ என்று சொன்னதுண்டா? நம்மில் ஒருத்தன் நல்லா எழுதினால் உயர்சாதி எழுத்தாளன் ஒருவன் பெயரைச் சொல்லி அவனைப் போலவே எழுதுகிறான் என்பார்களே, அந்தப் பாராட்டுதான் இது.

அடுத்தவர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். 1778இல் போலந்தில் பிறந்தவர். அப்பா பார்படோஸ் தீவின் கறுப்பு வம்சம், அம்மா ஐரோப்பியப் பெண். ஹைடன் வேலை பார்த்த எஸ்டர்ஹாசி பிரபுவின் மாளிகையில் அப்பா பணியாளராக இருந்தார். 1789இல், பத்துப் பதினோரு வயதில், பிரிட்ஜ்டவர் பாரிசில் மேடையேறினார். பிள்ளையை ஆப்பிரிக்க ராஜவம்சம் என்று சொல்லித்தான் அப்பா வாய்ப்புத் தேட வேண்டியிருந்தது. அப்புறம் இங்கிலாந்து. அங்கே பட்டத்து இளவரசர் பையனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார், நல்ல ஆசிரியர்களை வைத்தார், அப்பாவை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார். கல்வி வேணுமா, தகப்பனை விட்டுக்கொடு என்கிற பேரம் அது.

1803இல் வியன்னாவில் பிரிட்ஜ்டவர் பீத்தோவனைச் சந்திக்கிறார். இருவரும் சேர்ந்து வாசிக்க பீத்தோவன் வயலினுக்கும் பியானோவுக்குமாக ஒரு சொனாட்டா எழுதுகிறார். மே 24 அன்று காலை எட்டு மணிக்குக் கச்சேரி. மை காயாத அவசரம். இரண்டாம் பகுதிக்குப் படியெடுக்க நேரமில்லாமல் பீத்தோவனின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே பிரிட்ஜ்டவர் வாசித்தார். முதல் பகுதியில் அவர் தானாகச் சேர்த்து வாசித்த ஓர் இடத்தைக் கேட்டு பீத்தோவன் துள்ளியெழுந்து கட்டிக்கொண்டாராம். கைப்பிரதியில் முலாட்டோ சொனாட்டா என்று கேலியும் பிரியமுமாக அவருக்குக் காணிக்கை எழுதினார். பிறகு ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சில் இருவருக்கும் மனக்கசப்பு என்று பிரிட்ஜ்டவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1805இல் அச்சாகும்போது காணிக்கை ரொடோல்ஃப் க்ரூட்சர் என்ற பிரெஞ்சு வயலின்காரருக்குப் போய்விட்டது. அந்த க்ரூட்சர் அதை ஒருபோதும் மேடையில் வாசித்ததில்லை என்கிறார்கள். ஆனாலும் இன்றுவரை அதற்குப் பெயர் ‘க்ரூட்சர் சொனாட்டா’. டால்ஸ்டாய் கதைக்கும் அந்தப் பெயரையே வைத்தார். வாசித்தவன் பெயர் அடித்தல், வாசிக்காதவன் பெயர் தலைப்பு! குளம் வெட்டினவன் யாரோ, கல்வெட்டில் பெயர் யாருக்கோ என்பது நமக்குப் பழகின கணக்குத்தான். பிரிட்ஜ்டவர் 1811இல் கேம்பிரிட்ஜில் இசைப் பட்டம் வாங்கினார். 1860இல் லண்டனில், பெரும்பாலோர் மறந்துவிட்ட நிலையில் இறந்தார்.

இந்த இரண்டு பேர் கதையிலும் பொதுவான ஒன்றை நான் பார்க்கிறேன். கதவைத் திறந்தது ஒரு முதலாளி அப்பன் அல்லது ஓர் இளவரசன். அந்தக் கதவு ஓர் ஆளுக்கு மட்டும் திறந்து, அவர் பின்னாலேயே சாத்திக்கொண்டது. இன்னொருவர் வரவில்லை, பரம்பரை உருவாகவில்லை.

பரம்பரை என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் துறையின் உயிரே அதுதான். ஐந்தாறு வயதில் தொடங்கவேண்டும். வாரந்தோறும் ஆசிரியருக்குச் சம்பளம், பிள்ளை வளர வளரப் பெரிய வயலின், தினம் பல மணி நேரச் சாதகம், பிறகு கன்சர்வேட்டரி. என் சித்தப்பாவும் ஆறு வயதில்தான் பறையைத் தொட்டார். அதைப் பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை, குலத்தொழில் என்றார்கள். அவர்களுடையது சாதகம், நம்முடையது தலையெழுத்து. வயலின்காரர்கள் குரு வரிசையைக் கோத்திரம் போல ஒப்பிப்பார்கள்: வியோட்டியிடம் ரோட், ரோடிடம் போம், போமிடம் யோவாகிம், யோவாகிமிடம் ஆவர், ஆவரிடம் ஹைஃபெட்ஸ். ஆனால் கோத்திரம் மாதிரி இது பிறப்பால் பூட்டப்பட்டதில்லை. யோவாகிம், ஆவர், ஹைஃபெட்ஸ் மூவருமே ஒடுக்கப்பட்ட யூத இனத்தில் பிறந்தவர்கள். ரஷ்யப் பேரரசில் யூதர்கள் தலைநகரில் நினைத்தபடி குடியிருக்க முடியாது, கன்சர்வேட்டரி மாணவன் என்றால் தங்கலாம். சிறுவன் ஹைஃபெட்ஸுக்கு இடம் கிடைத்தது. அப்பனுக்குத் தங்க உரிமை இல்லை. ஆவர் என்ன செய்தார் தெரியுமா? குடும்பஸ்தனான அந்த அப்பனையும் மாணவனாகச் சேர்த்துவிட்டார். ஆசிரியர் நினைத்தால் சட்டத்தில் ஓட்டை போடலாம்.

அமெரிக்கக் கறுப்பர்களுக்கு அந்த ஓட்டையும் அடைபட்டிருந்தது. வில் மாரியன் குக் 1869இல் வாஷிங்டனில் பிறந்து பெர்லினுக்குப் போய் யோவாகிமின் பள்ளியில் வயலின் படித்தவர். ஊர் திரும்பி வாசித்ததும் ஒரு விமர்சகர் ‘உலகின் மிகச்சிறந்த நீக்ரோ வயலின்காரர்’ என்று எழுத, குக் அவரிடம் போய் நான் உலகின் மிகச்சிறந்த வயலின்காரன் என்று சொல்லி, வயலினை அவர் எதிரிலேயே அடித்து நொறுக்கினார் என்று டியூக் எலிங்டன் சொன்ன கதை உண்டு. நடந்தது எப்படியோ, குக் செவ்வியல் மேடையை விட்டுப் போய் பிராட்வே நாடகங்களுக்கு இசையமைத்தார். அதே காலத்தில், 1893இல், செக் நாட்டு இசையமைப்பாளர் துவோராக் நியூயார்க்கில் இருந்துகொண்டு அமெரிக்க இசைக்குக் கறுப்பர் பாடல்களே அடித்தளம் என்று அறிவித்தார். அந்த ஆண்டே ‘அமெரிக்கன்’ குவார்ட்டெட்டை எழுதினார். பாட்டை எடுத்துக்கொள்ள எல்லோரும் தயார்தான். பாடினவனை நாற்காலியில் உட்கார வைக்கத்தான் ஆளில்லை.

இசைக்கலைஞர் தொழிற்சங்கமே தோல் நிறத்தால் பிரிந்து கிடந்தது. சிகாகோவில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு 1902 முதல் 208 என்ற தனிக் கிளை. இரண்டும் இணைந்தது 1966இல்தான். இரட்டைக் குவளை டீக்கடையில் மட்டுமா இருந்தது? நியூயார்க் பில்ஹார்மானிக் 1842இல் தொடங்கியது. அதில் நிரந்தர உறுப்பினராக முதல் கறுப்பர், வயலின்காரர் சான்ஃபோர்ட் ஆலன், சேர்ந்தது 1962இல். நூற்றி இருபது வருசம்! 1969இல் செல்லோ வாசிக்கும் ஏர்ல் மாடிசனும் பேஸ் வாசிக்கும் ஆர்தர் டேவிசும் இந்தக் குழு பாகுபாடு காட்டுகிறது என்று நகரத்தின் மனித உரிமை ஆணையத்தில் வழக்குப் போட்டார்கள். 1970இல் தீர்ப்பு. நிரந்தர வேலையில் பாகுபாடு நிரூபணமாகவில்லை என்றார்கள். ஆனால் மாற்று ஆளாகக் கூப்பிடுவதில் பாகுபாடு உண்டு என்றார்கள். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? தெரிஞ்சவனை, தெரிஞ்சவன் மாணவனை. அறை இசையிலும் இதே கதைதான். கூடப் படித்தவர்கள்தானே குவார்ட்டெட் கட்டுகிறார்கள்? யாரும் யாரையும் தடுக்கவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். இந்தக் ‘கூப்பிடாமை’ தீண்டாமையைவிட நாசூக்கானது, அதைவிட நீடித்தது.

எழுபதுகளில் தேர்வில் திரை கட்டும் வழக்கம் பரவியது. வாசிப்பவர் திரைக்குப் பின்னால், நடுவர் காதுகொண்டு மட்டும் தீர்மானிக்கவேண்டும். திரை வந்த காலத்தில் குழுக்களில் பெண்கள் பெருகினார்கள். கறுப்பர்கள் அப்படிப் பெருகவில்லை. 2014இல் அமெரிக்க இசைக்குழுக்களில் அவர்கள் 1.8 சதவீதம், 2023 அறிக்கையில் 2.4 சதவீதம். மக்கள்தொகையிலோ எட்டில் ஒருவருக்கு மேல். ஏன்? திரை அந்த ஒரு நாளை மறைக்கிறது. அதற்கு முந்தைய இருபது வருசத்தை மறைக்க முடியாது. ஆசிரியர் சம்பளம், வயலின் விலை, தேர்வுக்கு ஊர் ஊராகப் போகும் செலவு எல்லாம் திரைக்கு முன்னாலேயே ஆளைக் கழித்துவிடுகின்றன. 1990இல் மண்டலுக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் ‘தகுதி, திறமை’ என்று கத்தினார்களே, அவர்களுக்கு இந்தத் திரையைத்தான் நான் காட்டுவேன்.

1997இல் ஆரோன் டுவோர்கின் மிச்சிகனில் ஸ்ஃபிங்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். கறுப்பு, லத்தீன் இளைஞர்களுக்கு மட்டுமான தந்திக் கருவிப் போட்டி, கூடவே பயிற்சி, உதவித்தொகை, கருவி. தனியாகப் போட்டி வைத்தால் தரம் போய்விடும் என்கிற முனகல் நமக்குப் புதிதில்லை. அந்தப் போட்டியில் முதல்பரிசு வாங்கியவர்களைக் கொண்டு 2006இல் ஹார்லெம் குவார்ட்டெட் உருவாயிற்று. நாலு நாற்காலி, நாலு பேர், தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ள இப்போது ஆள் இருக்கிறது. 2018இல் தேர்வுப் பயணத்துக்குப் பணம் தரும் ஏற்பாட்டையும் வேறு அமைப்புகளோடு சேர்ந்து ஸ்ஃபிங்ஸ் செய்தது. 

பிரிட்ஜ்டவரை ஓர் இளவரசன் வளர்த்தான், ஒருவரோடு முடிந்தது. சங்கமும் வழக்கும் அமைப்பும் கைகோத்தபோதுதான் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் வந்தார்கள். எனவே மேதைகளைத் தேடி மாலை போடுவதில் எனக்கு அக்கறையில்லை. பட்டியலில் பெயர் சேர்ப்பது தேவைதான், அதைவிடத் தேவை வகுப்பறை. அம்பேத்கர் 1946இல் கறுப்பர் தலைவர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி அவர்கள் போராட்டத்தைக் கேட்டறிந்தார் என்பது நமக்குத் தெரியும். அதே அம்பேத்கர் தம் கடைசி ஆண்டுகளில் ஆசிரியர் வைத்து வயலின் கற்றுக்கொண்டார் என்பது பலருக்குத் தெரியாது. அறுபதை ஒட்டிய வயது, நோய், தலைக்குமேல் வேலை. அப்படியும் வில்லைப் பிடித்தார். நம் பிள்ளைகள் அறுபது வயது வரை காத்திருக்கக் கூடாது. சேரியில் ஆறு வயசுப் பிள்ளைக்குப் பறையும் வேண்டும், வயலினும் வேண்டும், இரண்டையும் சம்பளம் கேட்காமல் சொல்லித்தர நம்மாட்கள் வேண்டும்.