இஸ்கந்தரிய்யா நூலகமும் ஒரு பழிச்சொல்லும்

கல்வி நிமித்தம் கெய்ரோவில் சில நாள்கள் தங்கியிருந்தபோது, மத்தியதரைக் கடலோரத்துப் பழம்பெரும் துறைமுக நகராகிய இஸ்கந்தரிய்யாவை ஒரே பகலில் கண்டு திரும்பும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் புறப்பட்ட பேருந்து, பாலைவனச் சாலை வழியே ஏறத்தாழ 220 கிலோமீட்டரைக் கடந்து முற்பகலில் நகருக்குள் நுழைந்தது. பல நாட்டவர் சேர்ந்திருந்த அக்குழுவில் நாம் உட்பட முஸ்லிம்கள் மூவரே. வழிகாட்டியாக வந்தவர் வரலாறு பயின்ற ஓர் எகிப்திய இளைஞர்.

கி.மு. 331இல் அலெக்ஸாந்தர் கால்கோளிட்ட நகர் இது. அவருக்குப் பின் ஆண்ட தாலமி மன்னர்கள் இங்கே நிறுவிய நூலகம் உலகப் புகழ் பெற்றது. அதன் கிளையாகச் செராபிஸ் கோயிலில் மற்றொரு நூலகமும் இருந்தது. அக்கோயில் நின்ற மேட்டில் இன்று எஞ்சி நிற்பது, அரபு மக்கள் 'அமூதுஸ் ஸவாரீ' என்றழைக்கும் ஒற்றைத் தூண். செந்நிற அஸ்வான் கல்லால் ஆகி, சுமார் 27 மீட்டர் உயர்ந்து நிற்கும் அதனைப் 'பாம்பியின் தூண்' என்று ஐரோப்பியர் பிழையாக வழங்கி வருகின்றனர். உண்மையில் அது உரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் பெருமைக்காக நிறுத்தப்பட்டதாகும்.

அத்தூணின் நிழலில் நின்றுகொண்டு வழிகாட்டி ஒரு கதையைச் சொன்னார். எகிப்தை வென்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் இந்நூல்களை என்ன செய்வதென்று கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார்களாம். இறைவேதத்துக்கு இணங்கியவையெனில் அவை தேவையில்லை, முரண்பட்டவையெனில் தீங்கானவை, எப்படியாயினும் அழித்துவிடுக என்று விடை வந்ததாம். நாலாயிரம் குளியல் மண்டபங்களின் அடுப்புகளில் ஆறு மாத காலம் அந்நூல்கள் எரிந்தனவாம். கதை முடிந்ததும் குழுவிலிருந்த ஒருவர் நம் தொப்பியையும் தாடியையும் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆயினும் அப்பார்வை நம்மை உறுத்தியது.

உறுத்தலைச் சினமாக்கிக்கொள்வது எளிது. ஆனால் ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைச் சோதிக்கப் பயின்ற நமக்கு வேறொரு வழி இருக்கிறது. இச்செய்தியை முதலில் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று கேட்பதே அவ்வழி.

அம்ர் (ரலி) அவர்களின் படை நகருக்குள் நுழைந்தது ஹிஜ்ரி 21, கி.பி. 642இல். அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த நிகியூ நகர்க் கிறிஸ்தவ ஆயர் யோவான், அரபுப் படையெடுப்பின் துன்பங்களை விரித்தெழுதியவர். அவர் நூலக எரிப்பைக் குறிப்பிடவில்லை. ஹிஜ்ரி 257இல் மறைந்த இப்னு அப்துல் ஹகம், எகிப்து வெற்றியைத் தனி நூலாகவே எழுதினார். நகரில் நாலாயிரம் மாளிகைகளும் நாலாயிரம் குளியல் மண்டபங்களும் இருந்ததாக அம்ர் (ரலி) கலீஃபாவுக்கு எழுதியதை அதில் பதிவு செய்கிறார். குளியல் மண்டபங்களை எண்ணிய அக்கடிதத்தில் நூலகம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 940இல் மறைந்த இஸ்கந்தரிய்யாவின் பேராயர் ஸஈத் இப்னு பித்ரீக்கும் இச்செய்தியை அறியார்.

ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டு மௌனத்துக்குப் பின்னரே, அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ எகிப்து பற்றிய தம் பயண நூலில் ஓரிரு சொற்களில் இதனைக் குறிப்பிடுகிறார். அதுவும் இதே தூணை வருணிக்கும் இடத்தில்தான். 1248இல் மறைந்த இப்னுல் கிஃப்தீ இதனை முழுக் கதையாக்கினார். சிரியக் கிறிஸ்தவ அறிஞர் அபுல் ஃபரஜ் அதனைச் சுருக்கி எழுத, அவருடைய நூலை 1663இல் எட்வர்ட் போகாக் இலத்தீன் மொழிபெயர்ப்புடன் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்டார். ஐரோப்பாவெங்கும் இக்கதை பரவியது இவ்வாறே.

கதையின் உட்பொருளும் தன்னைத் தானே மறுக்கிறது. நூல்களை வேண்டி அம்ர் (ரலி) அவர்களை அணுகியதாகச் சொல்லப்படும் யஹ்யா அந்நஹ்வீ, கி.பி. 529இலேயே புரோக்ளஸ் என்ற தத்துவ அறிஞரை மறுத்து நூல் எழுதியவர். அதற்கு 113 ஆண்டுகள் கழித்து அவர் உயிருடன் வந்து பேசியிருக்க இயலுமா? அன்றியும், எரிப்பதற்கு எஞ்சியிருந்தது எது? கி.மு. 48இல் ஜூலியஸ் சீசர் கப்பல்களுக்கு வைத்த தீ கரையேறி நூல்களையும் அழித்ததாகப் பழைய ஆசிரியர் எழுதியுள்ளனர். கி.பி. 270களில் அவ்ரேலியன் நடத்திய போரில் அரண்மனைப் பகுதி பாழானது. 391இல் பேராயர் தியோஃபிலஸ் காலத்தில் செராபிஸ் கோயிலும் இடிக்கப்பட்டது. எட்வர்ட் கிப்பன் 1788இலேயே இக்கதையை ஐயுற்றார். ஆல்ஃபிரட் பட்லர் 1902இல் ஆராய்ந்து தள்ளினார். நம் நாட்டில் அல்லாமா ஷிப்லீ நுஃமானீ உருது மொழியில் இதனை மறுத்து எழுதினார்.

எனினும் நீதி இருபுறமும் வேண்டும். பழியைச் சுமத்தும் செய்தியைச் சோதிக்கும் நாம், நமக்கு உவப்பில்லாத உண்மையை மறைத்தல் ஆகாது. அந்தப் பயண நூலிலேயே அப்துல் லத்தீஃப் மற்றொன்றையும் எழுதியுள்ளார். தூணைச் சுற்றியிருந்த நானூறு தூண்களை, ஸலாஹுத்தீன் அய்யூபியின் ஆளுநர் கராஜா உடைத்துக் கடலோரத்தில் கொட்டச் செய்தார். அலைகளின் வேகத்தையும் பகைவர் கப்பல்களையும் தடுப்பதே நோக்கமாம். இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று அவர் கடிந்துரைக்கிறார். அவர் எழுதிய நூலக எரிப்பு, செவிவழி வந்த ஐந்து நூற்றாண்டுக்கு முந்தைய பேச்சு. தூண்களின் உடைந்த துண்டுகளையோ அவர் நேரில் கண்டார். முன்னதை மறுக்கும் நம் வாய் பின்னதை ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

லுஹர் தொழுகைக்கு அபுல் அப்பாஸ் அல்முர்ஸீ (ரஹ்) அவர்களின் பள்ளிவாசலை அடைந்தோம். இமாம் ஷாதுலீ (ரஹ்) அவர்களின் சீடராகிய அம்மகானுக்கு அண்மையிலேயே, அவர்தம் மாணவர் இமாம் பூஸிரீ (ரஹ்) பெயரிலும் பள்ளிவாசல் உள்ளது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் புர்தாவை இயற்றியவர் அவரே. நூல்களை எரித்ததாகச் சொல்லப்படும் முஸ்லிம்களின் நகரிலிருந்து நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது ஒரு நூல் என்பதை எண்ணி நெஞ்சம் நெகிழ்ந்தது.

மாலையில், 2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகத்தின் வாயிலில் வழிகாட்டியைத் தனியே அழைத்து, மேற்கண்ட செய்திகளை அரபியில் எடுத்துரைத்தோம். அவர் முகம் வாடிற்று. "யா உஸ்தாத், எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் இருந்ததைத்தான் சொன்னேன். இதைச் சொன்னால் பயணிகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள்" என்றார். பின்னர் சட்டைப்பையிலிருந்து சிறு ஏடொன்றை எடுத்து, இப்னு அப்துல் ஹகம் என்ற பெயரை எழுதிக்கொண்டார். கராஜாவின் பெயரையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டோம். சற்றுத் தயங்கினார், பிறகு அதையும் எழுதினார்.