‘கொல்’ என்னும் ஐய இடைச்சொல்

கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில் கிடைத்த பெரிய செப்பேடு, கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் இராசசிம்மன் ஆட்சியில் வடமொழியும் தமிழுமாக எழுந்தது. பாண்டியர் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அது துணிந்து கூறுகின்றது. அவ்விடத்துக் ‘கொல்’ இல்லை. மெய்க்கீர்த்திக்கு ஐயம் இழுக்கு.

தொல்காப்பியர் அவ்விடைச்சொல்லுக்கு ஐயப்பொருள் கூறினார். நன்னூலார் அசைநிலையும் உடன்கூறினார். திருவாய்மொழி ஏழாம் பத்தின் ஏழாந் திருவாய்மொழியில் பராங்குசநாயகி, பெண்களின் உயிருண்ணும் இரு கூற்றங்களோ, கண்ணபிரான் திருக்கண்களோ என்று மயங்குமிடத்துக் ‘கொலோ’ வருகின்றது. இஃது அசைநிலையெனின் அம்மயக்கமே இல்லையாய்விடும்.

எம்பெருமானே ஞானமருளப் பெற்ற ஆழ்வார்க்கு ஐயம் கூடுமோவெனின், கூடும். உருவெளிப்பாட்டில் அவ்வழகு முன்னின்று நலிய, அநுபவ மிகுதியால் வந்த கலக்கமேயன்றி அறியாமையன்று. ஆகவே இங்கு ஐயப்பொருளே கொள்ளத்தக்கது.