போறணை என்னும் பழஞ்சொல்

ஊரப்பாக்கம் போன்ற ஊர்களில் வீட்டுக் கொல்லையில் செங்கல்லால் ரொட்டி அடுப்பு கட்ட விழைவோரைக் கண்டால், மேலைநாட்டுப் புதுமை என்றே நாம் எண்ணுவோம். ஆயின் அதற்குத் தமிழில் ஒரு பழம் பெயர் உண்டு. ஈழத்தமிழர் அதனைப் 'போறணை' என்பர். 'ஃபோர்னோ' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு அது. அதில் வேகும் 'பாண்' என்பதும் அம்மொழி தந்ததே.

போர்த்துக்கீசியர் 1505-இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658-இல் அதனை டச்சுக்காரரிடம் இழந்தனர். கோட்டை கைம்மாறியது, அடுப்பின் பெயரோ மக்கள் நாவில் நிலைத்தது.

போறணையின் நுட்பம் எளிது. வளைந்த செங்கற்கூரையின் கீழ் விறகை எரிப்பர். செங்கல் நன்கு சூடேறியதும் தணலை வாரியெடுத்து, தளத்தைத் துடைத்து, பிசைந்த மாவை உள்ளே தள்ளி, வாயை அடைப்பர். நெருப்பு அகன்ற பின்னரே பாண் வேகிறது. அதை வேகவைப்பது செங்கல் காத்து வைத்த வெப்பம்.

நம் மயிலாப்பூர்ச் சாந்தோமிலும் போர்த்துக்கீசியர் குடியிருந்தனர். சாவி, சன்னல், அலமாரி ஆகிய சொற்கள் நம்மிடம் தங்கின. போறணையை நாம் மறந்தோம். வாளேந்தி வந்தவரின் சொல்லை ஏன் போற்ற வேண்டும் என்று கேட்கலாம். அதனைத் தமிழாக்கியவர் வாளேந்தியவர் அல்லர். விறகு சுமந்து மாவு பிசைந்த நம் மக்களே. அவர்கள் உழைப்பின் நினைவாகவேனும் அச்சொல்லை நாம் காப்போம்.