அடமானம் எட்டிய எல்லை: காலனியப் பர்மாவில் நகரத்தார் முதலீடும் வட்டார ஏற்றத்தாழ்வும்

பர்மாவில் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) நடத்திய கொடுக்கல் வாங்கலைப் பற்றி எழுதுபவர்கள், நாடு முழுவதும் ஒரே வயல்வெளியாக இருந்தது போலவே பேசுவார்கள். வரைபடம் வேறு கதை சொல்கிறது. அவர்களுடைய பணம் பெரும்பாலும் ஐராவதி டெல்டாவிலேயே தங்கியது. மாண்டலேயைச் சுற்றிய வறள்நிலத்துக்குக் குறைவாகவே ஏறியது.

மண்வளம்தான் காரணம் என்பது எளிய விடை. ஆனால் 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது டெல்டாவின் பெரும்பகுதி காடும் சதுப்புமாகக் கிடந்தது. நெல் விளைந்த நிலம் சுமார் 8 லட்சம் ஏக்கர்தான். 1930களில் அது 85 லட்சத்தைத் தாண்டியது. இந்த விரிவுக்குக் காரணமாக 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததைப் பாடநூல்கள் முதலில் சொல்லும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1876ஆம் ஆண்டின் நிலவருவாய்ச் சட்டம். 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்துத் தீர்வை கட்டியவருக்கு நிலம் உரிமையானது. அதை விற்கலாம், ஈடு வைக்கலாம். காடு வெட்டித் திருத்தியவர் கையில் அடமானப் பொருள் வந்துவிட்டது.

வட்டிக்கடைக்கு வேண்டியிருந்ததும் அதுதான். செட்டிநாட்டு முதலாளியின் ஏஜென்ட் ஏறக்குறைய மூன்றாண்டுத் தவணையில் வந்து, கணக்கு முடித்து ஊர் திரும்ப வேண்டியவர். 1886இல் இணைக்கப்பட்ட மேல் பர்மாவிலோ, பரம்பரை நிலத்தை முற்றாக விற்பதை ஊர் வழக்கம் ஏற்கவில்லை. ஈடு வைத்ததைத் தலைமுறை கழித்தும் மீட்கலாம். மழையும் நம்பத் தகுந்ததல்ல. அந்த ஈட்டை வைத்துக்கொண்டு ஏஜென்ட் எப்படிக் கணக்கு முடிப்பார்?

1929–30இன் வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் கடைகளையும் 75 கோடி ரூபாய் முதலீட்டையும் மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வேளாண்மையில் இருந்தது. ரங்கூன் முகல் தெருவில் மையம் கொண்டிருந்த இந்தப் பணத்தின் ஒரு பகுதியை பர்மிய வட்டிக்காரர்கள் வாங்கி, கூடுதல் வட்டிக்குக் கிராமங்களில் விட்டார்கள். செட்டியாரைச் சபித்த உழவர் பலர் நேரில் கடன்பட்டது இவர்களிடம்தான்.

வறள்நிலத்துக்குப் பணம் ஏறாவிட்டாலும் அங்கிருந்து டெல்டாவுக்கு ஆட்கள் இறங்கினார்கள், நடவுக்கும் அறுவடைக்கும். எண்ணெயும் அப்படியே: எனாங்யாவுங் எண்ணெய் வயல்கள் வறள்நிலத்தில் இருந்தன. சுத்திகரிப்பு ஆலை ரங்கூனை அடுத்த சிரியத்தில். நகரத்தார் ஈட்டிய லாபத்தின் தடத்தைக் காரைக்குடிப் பக்கம் பார்க்கலாம்: மழை பொய்க்கும் பூமியில், அவர்கள் வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள்.

1930இல் நெல்விலை சரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சயா சான் தலைமையிலான உழவர் கிளர்ச்சி வெடித்தது கீழ்ப் பர்மாவின் தராவடி மாவட்டத்தில். 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம்; 1930களின் இறுதிக்குள் 25 சதவீதம். நிலத்தை அவர்கள் தேடிப் போகவில்லை; வராத கடனுக்கு ஈடாக அது வந்து சேர்ந்தது. பணமாகத் திரும்பாத அந்தச் சொத்தை 1942இன் ஜப்பானியப் படையெடுப்பின்போது விட்டு ஓடினார்கள். 1948இல் நிலத் தேசியமயச் சட்டம் வந்தது. கடன் எளிதாக எட்டாத மேல் பர்மாவில், ஏழையாகவே இருந்த உழவர்களில் பெரும்பாலோரிடம் நிலம் மட்டும் தங்கியிருந்தது.