பிலடெல்பியாவில் ஒரு மதுரை மண்டபம்

கட்டுக்கரைக் குளத்தருகே அகழ்ந்தபோது சுடுமண் உருவங்கள் வெளிப்பட்டன. அவற்றை வனைந்தவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பெயரற்ற அக்கைகளை எண்ணும்போது, கடல் கடந்து போன மதுரைத் தூண்கள் நம் நினைவுக்கு வருகின்றன.

1912ஆம் ஆண்டில் அமெரிக்கச் செல்வக் குடும்பத்துப் பெண்ணான அடலின் பெப்பர் கிப்சன் மதுரைக்கு வந்தார். மதனகோபால சுவாமி கோயில் வளவில், 16ஆம் நூற்றாண்டு மண்டபமொன்றின் கருங்கற்கள் குவிந்து கிடந்தன. அவற்றுள் அறுபதுக்கு மேற்பட்டவற்றை விலைகொடுத்து வாங்கிப் பிலடெல்பியாவுக்குக் கொண்டு சென்றார். 1919இல் குடும்பத்தார் அவர் நினைவாக அவற்றை அந்நகர அருங்காட்சியகத்துக்கு வழங்கினர். 1940இல் நார்மன் பிரவுண் என்ற அறிஞர் அம்மண்டபத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இதனைக் கொள்ளை என்று நாம் சொல்லமாட்டோம். காசு கொடுத்தே வாங்கினார். அங்கு அக்கற்கள் பேணப்படுகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்நிய ஆட்சியின் கீழ் வாடிய நாட்டில், பயணியொருவர் பணப்பையைத் திறந்தால் மண்டபமே நினைவுப் பொருளாகிவிடும் நிலையை என்னென்பது? விற்றவர்களும் நம்மவர்களே, அதையும் சொல்லத்தான் வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும், கல்லை வெட்டியவனும், அதில் இராமகாதை மாந்தரைச் செதுக்கியவனும் இக்கணக்கில் எங்கும் இல்லை. கொடுத்தவர் பெயர் மட்டும் காட்சிக்கூடத்தில் நிலைத்துவிட்டது.

கோயில் மதுரையில் இன்றும் இருக்கிறது. பூசையும் நடக்கிறது. அந்த மண்டபம்தான் அங்கு இல்லை.