கால் பாவும் தளம்

'பாவுதல்' என்னும் சொல்லைத் தமிழ் இரு வகையில் ஆள்கிறது. தரையில் கற்களைப் பரப்பிப் பதிப்பதும் பாவுதல். பாதம் நிலத்தில் படிவதும் பாவுதல். இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்க வேண்டுமாயின் நாம் செல்ல வேண்டிய இடம் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடி.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்தோர் என்பது நகரத்தார் தம்மைப் பற்றிக் கூறும் மரபுச் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் மீண்டும் கடலை நாடினர். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி வடிநிலம் நெல்லுக்குப் பேர்பெற்றது. அந்நெல் விளைவிக்கக் கடன் தந்தோருள் முதன்மையானவர் நகரத்தார். அங்கு ஈட்டிய பொருள் மழை குறைந்த செட்டிநாட்டு ஊர்களில் மாளிகைகளாக எழுந்தது.

பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்தன. சுவர்களில் பதிக்கும் பூவேலை ஓடுகள் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்தன. முதல் உலகப் போரால் ஐரோப்பியச் சரக்கு குன்றியபோது அச்சந்தையை ஜப்பானியர் பிடித்தனர். நம் தெய்வ உருவங்களையே ஓட்டில் வார்த்து அனுப்பும் அளவுக்கு அவர்கள் நம் மனத்தை அறிந்திருந்தனர்.

சுவருக்குக் கப்பலை எதிர்பார்த்த வீடுகள், தரைக்கு அண்டை ஊரையே நம்பின. சிமெண்டில் வண்ணக் கல் வார்க்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றியது. ஆத்தங்குடிக் கைவினைஞர் அதனைத் தம் ஊர் மணலோடு கலந்து தமதாக்கினர். கண்ணாடித் துண்டின்மேல் சட்டத்தை வைத்து, அதனுள் பூவடிவத் தகட்டச்சை இறக்குவர். அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவர். அச்சை எடுத்தபின், ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே காரை இட்டு மட்டம் செய்வர். பின்பு நீரில் பல நாள் ஊறவிட்டு உலர்த்துவர். கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பு கல்லில் தங்கியிருக்கும். இக்கல் சூளையைக் கண்டதே இல்லை.

சூளை தராத மெருகைத் தருவது பாதம். நடக்க நடக்க இக்கல் ஒளி கூடும் என்பது அவ்வூரார் அனுபவம். ஆகவே இதற்கு வேண்டியது பாதுகாப்பு அன்று, புழக்கம்.

அப்புழக்கம்தான் முதலில் அற்றுப் போயிற்று. 1930களின் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமே கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு நகரத்தாருடையது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. ஓடு அனுப்பிய நாட்டின் படையே, அந்த ஓட்டை வாங்கிய செல்வத்தின் வேரை அறுத்தது. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. உழுதவன் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயம் உண்டு என்பதையும் நாம் மறைக்கலாகாது.

அதன்பின் பிள்ளைகள் பட்டணங்களுக்குப் போயினர். பங்காளிகள் பலருக்கு உரிமையான வீடுகள், திருமணத்திற்கும் படைப்புக்கும் மட்டும் திறந்தன. சில வீடுகள் இடிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு வந்தன. தூணைப் பெயர்த்து விற்கலாம். காரையில் பாவிய தளத்தை உடையாமல் பெயர்ப்பது அரிது. வீட்டோடு அழிவது பெரும்பாலும் அதுவே.

ஆத்தங்குடியில் இன்றும் கல் வார்க்கிறார்கள். தொழிற்சாலைகளோ அதே பூவைப் பீங்கானில் அச்சிட்டு விற்கின்றன. பூ ஒன்றுதான், ஆனால் அச்சிட்ட மெருகு வாங்கிய நாளிலிருந்து தேயத் தொடங்கும், வார்த்த கல்லின் மெருகு அந்நாளில்தான் தொடங்கும். புதுவீடு கட்டும் அன்பர்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கட்டும். பழைய வீட்டில் பங்குடையோர் கதவை ஆண்டுக்கு இன்னும் சில முறை திறந்து வைக்கட்டும். கால் பாவாத தளம் வெறும் சிமெண்டு.